கோரையும் கூட வந்தது

தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே களையும் போகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவை இரண்டு இடங்கள். ஒன்று, முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காடு. இன்னொன்று, சவூதி அரேபியாவின் செங்கடல் கரையில் ஜித்தாவுக்கு வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற யான்பு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்கள் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். யான்புவில் நாலு தூறல் விழுந்தாலே ஆபீஸ் மொத்தமும் எழுந்து வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்க்கும். ஆனால் இரண்டு இடத்திலும் மண்ணைக் குனிந்து பார்த்தவனுக்கு ஒரே கோரைதான் கண்ணில் படுகிறது.

வளைகுடாவில் இருப்பவர்களிலும் துபாய், தோஹாவை அறிந்த அளவுக்கு யான்புவை அறிந்தவர்கள் குறைவு. அது ஓர் ஊர் இல்லை, மூன்று ஊர். கடற்கரையில் மதீனாவுக்குத் துறைமுகமாக இருந்த பழைய ஊர் யான்பு அல் பஹர். உள்ளே மலைப்பக்கம், ஊற்றும் பேரீச்சந்தோப்புமாக இருந்த வேளாண் ஊர் யான்பு அல் நக்ல். மூன்றாவது, 1975-இல் ஜுபைலுக்கும் யான்புவுக்குமாகச் சவூதி அரசு ஒரு ராயல் கமிஷனை ஏற்படுத்திய பிறகு வெறும் மணலில் எழுப்பப்பட்ட தொழில் நகரம். நாட்டின் கிழக்குக் கோடியில் அப்கைக்கிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தூரம் குழாய் போட்டு எண்ணெயைக் கொண்டுவந்து இறக்குகிற இடம் இதுதான். வெல்டர், பிட்டர், ஸ்காபோல்டிங்காரர், கேம்ப் சமையல்காரர், ஸ்டோர் கீப்பர் என்று நம் ஜில்லாக்காரர்கள் வந்து சேர்ந்ததும் இந்த மூன்றாவது யான்புவுக்குத்தான்.

நானும் அப்படித்தான் ஸ்டோருக்கு வந்தேன். வரும்போது எனக்குள் ஒரு பெரிய நிம்மதி இருந்தது. அந்த வயதின் நிம்மதியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, அந்தப் பையன்மேல் பாசமும் வருகிறது. இனிமேல் களை வெட்ட வேண்டாம் என்பதுதான் அது. சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை என்றால் காடு, பரீட்சை முடிந்தால் காடு, வேலை தேடிக்கொண்டிருந்த வருஷங்களில் முழுநேரமும் காடு என்று வளர்ந்தவனுக்கு, பாலைவனம் என்ற சொல்லே ஒரு விடுதலைப் பத்திரம் மாதிரி இருந்தது. வந்து பார்த்தால், குடியிருப்புகளைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று புல்தரை, சாலை நடுவில் வேம்பு, போகன்வில்லா, அரளி. நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து அத்தனை செடிக்கும் பாய்ச்சுகிறார்கள். அந்தத் தண்ணீர் போன பாதையெல்லாம் கோரை, அருகு, நெருஞ்சி, பருப்புக்கீரை. சைக்கிள் டயரில் நெருஞ்சி முள் குத்திப் பஞ்சரானபோதுதான் எனக்கு ஊர் ஞாபகம் முதன்முதலாகச் சரியாக வந்தது. உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று நடந்திருக்கும். விமானம் ஏறி வந்த தேசத்தில் நம்மை முதலில் அடையாளம் கண்டுகொள்வது மனுஷர்களாக இருப்பதில்லை.

கோரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1977-இல் உலகத்தின் மோசமான களைகளைத் தொகுத்துப் புத்தகம் போட்ட அறிவியலாளர்கள் அதற்குத்தான் முதல் இடம் கொடுத்தார்கள். மேலே பார்த்தால் மூன்று பட்டையான தண்டு, உச்சியில் செம்பழுப்பில் ஒரு சிறு பூங்கொத்து, பளபளப்பான இலை, பரமசாது. ஈர மண்ணில் விரலை உள்ளே விட்டுத் தடவிக்கொண்டே போனால் ஒரு மெல்லிய கறுத்த நாரும், நாரின் முடிவில் ஒரு கிழங்கும் தட்டுப்படும். அதிலிருந்து இன்னொரு நார், இன்னொரு கிழங்கு. கிள்ளி முகர்ந்தால் பச்சிலையும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை. நாட்டுமருந்துக் கடையில் குளியல் பொடிக்கென்று எடைபோட்டுக் கொடுப்பது இந்தக் கிழங்கைத்தான். மேலே பிடித்து வெடுக்கென்று இழுத்தால் இலை கையோடு வரும், கிழங்கு மண்ணோடு நிற்கும். நாரை நடுவில் அறுத்துவிட்டால் இன்னும் மோசம். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகளும் தனித்தனியாக முளைவிடும். எங்கள் குடியிருப்பில் தோட்ட வேலை பார்த்த சாயல்குடிக்கார அண்ணன் ஒருவர், நான் புல்தரையில் இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, தலையப் புடிச்சு இழுத்தா மசுருதான் வரும், அடில கைய விடுங்க" என்றார். அந்தக் குரலில் எங்கள் அப்பத்தா பேசியது.

அப்பத்தாவின் களைக்கொத்து இன்னும் ஊரில் இருக்கிறது. கொல்லன் பட்டறையில் அடித்து வாங்கியபோது உள்ளங்கை அகலம் இருந்த தகடு, கல்லிலும் கரிசலிலும் தேய்ந்து தேய்ந்து இரண்டு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. வாகைப் பிடி மட்டும் எண்ணெய் தடவினதுபோல் வழுவழுப்பாக, அப்பத்தா பிடித்த இடத்தில் லேசாகக் குழிந்து இருக்கும். மிளகாய் நாற்று வேர் பிடித்து நிமிர்ந்ததும் முதல் களை. பூவெடுக்கும் முன்னால் அடுத்த களை. விடியக்காலம் பழைய சோற்றுத் தூக்குவாளியோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரு கோடியிலிருந்து கொத்திக்கொண்டு வருவார்கள். களை வெட்டுவது என்று பெயரே தவிர, நடப்பது களை மட்டும் இல்லை. மேல்மண் பொருக்கு உடைந்து காற்று உள்ளே போகும், ஈரம் ஆவியாகாமல் நிற்கும், தூருக்கு மண் அணையும். எந்தச் செடியில் இலை சுருண்டிருக்கிறது, எந்தப் பாத்தியில் எலி வளை இருக்கிறது என்ற செய்தியெல்லாம் மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடும். கூடவே யார் மகளுக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்பதும் வரும். ஏர், எரு, களை, நீர், காவல் என்று உழவின் வேலைகளை வரிசை கட்டிச் சொன்ன வள்ளுவர், களையை எருவுக்கும் நீருக்கும் சரியாக நடுவில் வைத்திருக்கிறார். அந்த வரிசையைக் குறளில் படிப்பதற்கு முன்னால் நான் காட்டில் பார்த்தேன்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குத் திரும்பும்போது யாருடைய மடியும் காலியாக இருக்காது. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, சாரணை, மூக்கிரட்டை, பருப்புக்கீரை என்று கொத்தி எடுத்ததில் பாதி ராத்திரிக் குழம்புக்குப் போய்விடும். மிச்சம் ஆட்டுக்கும் மாட்டுக்கும். களை என்று வரப்பில் போட்டு வீணாக்கியது எனக்கு நினைவில் இல்லை. பண்ணைக்கீரையைப் பாசிப்பருப்பு போட்டுக் கடைந்து, வெங்காய வடகம் தாளித்து, கேப்பைக் களியில் குழி பறித்து ஊற்றினால், அந்த மணம் தெருமுனைக்கு வரும். விதைக்காமலே விளைந்த அந்தக் கீரைகளுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். இப்போது மதுரையில் இயற்கை அங்காடியில் அதே தொய்யக்கீரையைக் கட்டி வைத்து விற்கிறார்கள், நான் விடுமுறைக்குப் போகும்போது வாங்கிக்கொண்டும் வருகிறேன்.

கையால் எடுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னாலேயே களையைக் குறைக்க வருஷம் முழுக்க ஏதாவது நடந்துகொண்டிருக்கும். அறுவடை முடிந்த கையோடு கீதாரிகள் வந்து கிடை போடுவார்கள். இரவெல்லாம் ஆடுகள் அடைந்து கிடந்த நிலத்தில் புல்லும் மேயப்பட்டிருக்கும், எருவும் விழுந்திருக்கும். சித்திரை, வைகாசியில் ஒரு மழை பெய்ததும் கோடை உழவு. கட்டியைப் புரட்டிப் போட்டால் கோரைக் கிழங்கு அடுப்பு வெயிலில் கிடந்து வற்றிச் சுருங்கும். தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் நீர் கட்டியே பாதிக் களையை அடக்குவார்கள். தக்கைப்பூண்டு, சணப்பு, கொழுஞ்சி விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி மிதிப்பார்கள். எருவைக் குப்பைக்குழியில் நன்றாக மட்கவைத்த பிறகே வண்டியில் ஏற்றுவது, குவியலின் சூட்டில் களை விதை வெந்துபோகட்டும் என்பதற்கும்தான். பச்சைச் சாணியை அப்படியே கொண்டுபோய்க் கொட்டுகிறவனை, "களைய வண்டில ஏத்திட்டுப் போறான் பாரு" என்று சொல்வார்கள்.

அப்புறம் களை மருந்து வந்தது. நான் யான்புவில் இருந்த வருஷங்களில்தான் அது எங்கள் பக்கம் நன்றாகப் பரவியது. ஒவ்வொரு விடுமுறைக்கும் போகும்போது வரப்பு கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிக்கொண்டே வந்தது. மருந்து வந்ததற்கு நியாயம் இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. பத்துப் பெண்கள் இரண்டு நாள் முதுகொடியச் செய்த வேலையை ஒருவன் கைத்தெளிப்பானை மாட்டிக்கொண்டு அரை நாளில் முடித்துவிடுகிறான். நூறு நாள் வேலையும் பனியன் கம்பெனியும் வந்த பிறகு களைக்கு ஆளும் கிடைக்கவில்லை. எங்கள் அப்பத்தா கடைசிக் காலத்தில் நிமிர்ந்து நடந்ததே இல்லை. அந்தக் கூனுக்குக் காரணம் களைக்கொத்துதான். அந்த வேலையின் வலியை மறந்துவிட்டு அதன் அழகை மட்டும் எழுதினால் அது அந்தப் பெண்களுக்குச் செய்யும் துரோகம்.

ஆனால் வலியோடு சேர்ந்து போனது எவ்வளவு என்பதையும் சொல்லத்தானே வேண்டும். கிளைபோசேட் என்ற களை மருந்து புல், கீரை என்று பார்க்காமல் பச்சையாக இருப்பதையெல்லாம் காயவைத்துவிடுகிறது. மடி கட்டி வந்த கீரை போயிற்று, ஆட்டுக்கு வரப்புப் புல் போயிற்று. கூலி போயிற்று, அந்தக் கூலிதான் பல வீடுகளில் பெண்கள் கையில் புழங்கிய ஒரே காசு. களை போயிற்றா என்றால், அது மட்டும் போகவில்லை. 1996-லேயே ஆஸ்திரேலியாவில் அந்த மருந்துக்குச் சாகாத புல்லைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு அப்படிச் சாகாத களைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் கிளைபோசேட்டைச் சேர்த்தது. வேறு சில அரசு அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை. அதே 2015-இல் இலங்கை அந்த மருந்தைத் தடை செய்து, பிறகு தேயிலைக்கும் ரப்பருக்கும் என்று தளர்த்தியது. 2022 அக்டோபரில் இந்திய அரசு, பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மூலமாக மட்டுமே அதைத் தெளிக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டது. எங்கள் ஊர் வரப்பில் முகத்துக்குத் துணிகூடக் கட்டாமல் தெளிக்கிற பையனுக்கு இந்த அறிவிப்பை யார் போய்ச் சொன்னார்கள்?

மருந்து இல்லாமலும் முடியும் என்பதை எனக்குத் திரும்பக் காட்டியது யான்பு அல் நக்ல். ரள்வா மலைப்பக்கம் போகிற வழியில் இருக்கிற அந்தத் தோப்புகளில் பல, ஊற்று வற்றிப்போய் மொட்டை மரங்களாக நிற்கின்றன. மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைத்து இன்னும் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெரியவரின் தோப்புக்குள் போனால் வெயில் சட்டென்று இறங்கிவிடும். மேலே பேரீச்சை ஓலை, நடுவில் மாதுளையும் எலுமிச்சையும், தரையில் பாத்தி பாத்தியாகக் குதிரைமசால். வெறும் தரை என்று ஒரு முழம் இல்லை. கோரைக்கு நிழல் ஆகாது. அடர்ந்த நிழலில் அது சோம்பிப் போகும், கிழங்கும் சிறுத்துப் போகும். தப்பித்துத் தலைகாட்டுவதையும், குதிரைமசாலை மாதம் ஒரு தரம் அறுக்கிற அரிவாள் சேர்த்தே அறுத்துவிடும், எல்லாம் ஆட்டுக்கு. தூரைச் சுற்றிக் காய்ந்த பேரீச்சை மட்டையும் ஓலையும் மூடாக்காகக் கிடக்கும். இதே மூடாக்கைத்தான் இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா 2013-இல் மறையும் வரைக்கும் ஊர் ஊராகப் போய் வலியுறுத்திக்கொண்டிருந்தார். கடவூரில் அவர் தொடங்கிய வானகத்தில் இன்றும் அதைச் செய்து காட்டுகிறார்கள். அந்த அரபிப் பெரியவருக்கு நம்மாழ்வாரைத் தெரியாது. அவருக்கு வாப்பா சொல்லிக்கொடுத்தது அது. களையாக முளைத்த பருப்புக்கீரையை அவர் ஒரு கட்டாகக் கட்டி, "ரிஜ்லா" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி எங்கள் ரூமில் அது பருப்போடு கடைசலாயிற்று. உடன் இருந்தவர்கள் தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

அதற்குப் பிறகு குடியிருப்பின் பின்பக்கம் கிடைத்த சிறு இடத்தில் நாங்கள் செய்து பார்த்தவை எல்லாம் இந்த இரண்டு ஊர்ப் பழக்கங்களின் கலப்புதான். ஜூன், ஜூலை வெயிலில் எந்தச் செடியும் தாங்காது என்பதால் அந்தக் காலத்தை மண்ணுக்கு விட்டுவிடுவோம்: பாத்தியை நன்றாக நனைத்து, கண்ணாடிபோல் தெரிகிற பாலிதீனை இழுத்து மூடி, ஓரம் முழுக்க மண் அணைத்து ஒன்றரை மாதம் விட்டால், மேல்மண்ணில் இருக்கிற களை விதை பெரும்பாலும் அவிந்துபோகும். கறுப்புத் தாளைவிட இந்தத் தாள்தான் மண்ணை அதிகம் சூடாக்கும். நம் கோடை உழவு செய்கிற வேலையை இது உழாமலே செய்கிறது. ஆழத்தில் கிடக்கும் கோரைக் கிழங்கு மட்டும் இதற்கும் தப்பும். அதற்குப் பொறுமைதான் மருந்து. கிழங்கு புதிதாக வைக்க மூன்று நான்கு வாரம் வேண்டும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், முளைத்தது இலைவிட்டதுமே, கைவிட்டு எடுக்க முடிந்ததை எடுத்து, முடியாததைத் தரைமட்டத்துக்குச் சீவிக்கொண்டே வந்தால், உள்ளே சேர்த்துவைத்த சத்தைச் செலவழித்துச் செலவழித்து அது இளைத்துப்போகும். செப்டம்பரில் தட்டைப்பயறு விதைத்துத் தரையை மூடிவிடுவோம். செடிக்குத் தூரில் மட்டும் சொட்டுநீர். பக்கத்து மணல் காய்ந்தே கிடப்பதால் அங்கே ஒன்றும் முளைப்பதில்லை, இது பாலைவனம் நமக்குத் தருகிற தனிச் சலுகை. நடைபாதைக் கல் இடுக்கில் முளைப்பதற்குச் சோறு வடித்த கொதிகஞ்சி போதும். உப்பைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள்; கேட்காதீர்கள். செங்கடல் ஓரத்து மண்ணில் ஏற்கெனவே உப்பு அதிகம், ஊற்றிய இடத்தில் அடுத்து நீங்கள் நடுகிற கத்தரியும் வராது.

இப்போது யான்புவில் வருஷாவருஷம் மலர்த் திருவிழா நடக்கிறது. பெட்டூனியாவையும் சாமந்தியையும் தரைவிரிப்பாக நட்ட மலர்க் கம்பளம் கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது. குடும்பத்தோடு போய்ப் போட்டோ எடுத்துக்கொள்ளாத தமிழர் அங்கே இருக்க மாட்டார். ஒரு தரம் திருவிழா தொடங்குவதற்கு முன்னால், விடியற்காலையில் அந்த வழியாகப் போனேன். பூவுக்கு நடுவில் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிறு கத்தியால் கோரையை ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் வங்கதேசத்துப் பையன்கள், இரண்டு மூன்று நம் ஆட்கள். பூவுக்குள் மருந்தடித்தால் பூவும் போய்விடுமே. இத்தனை இயந்திரம் வந்த நகரத்தில், உலகச் சாதனை படைத்த தோட்டத்துக்கும் கடைசியில் வேண்டியிருந்தது குனிந்த முதுகுகள்தான். பார்க்க வந்த லட்சம் கண்களும் பூவைப் பார்த்தன. நான் அந்தப் பையன்களின் விரல் நகத்தில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முன்னேற்றத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. குனியாமல் நின்றபடியே தள்ளுகிற உருளைக் களைக்கருவி அந்தக் காலத்திலேயே எங்கள் காட்டுக்கு வந்திருந்தால் அப்பத்தா நிமிர்ந்து நடந்திருக்கும். நெல்லுக்கு அப்படி ஒன்று வந்தது. ஒற்றை நாற்று நடவில் சதுரத்துக்கு 25 சென்டிமீட்டர் விட்டு நட்டு, கோனோ வீடரைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் களை சேற்றுக்குள் அமுங்கி அதுவே எருவாகிறது. பழைய அறிவும் புதிய கருவியும் கைகோத்தது அங்கேதான். அதை மானாவாரிக்கும் மிளகாய்க்கும் பெண்கள் கைக்குத் தக்கபடி இலேசாகவும் மலிவாகவும் செய்து கொடுக்க வேண்டியது நம் வேளாண் கல்லூரிகளின் கடமை. மருந்துக் கடைகளைத் திறந்த வேகம் அதில் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

வளைகுடாவில் இருந்துகொண்டு ஊரில் நிலத்தைக் குத்தகைக்கோ உறவுக்கோ விட்டிருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தரம் போனில் பணம் அனுப்பும்போது, களை மருந்துக்கு என்று கேட்டால், அதே பணத்தை நாலு பெண்களின் கூலிக்கும் ஒரு வண்டி மூடாக்குக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். விடுமுறைக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற வயதான பெண்களைக் காட்டுக்கு அழைத்துக்கொண்டு போய், எது கீரை, எது ஆட்டுக்கு, எது விதை வைக்கும் முன் பிடுங்க வேண்டியது என்று பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பெயர்கள் தெரிந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.